குளியலறை வாசலில் ‘சூப்’ என்று ஏன் எழுதியிருக்கிறது?

கேள்வி: ஹாங்காங்கில் வேலை பார்த்தபோது ‘தோங்’ என்ற எழுத்தைப் பார்த்துத்தான் சூப் வாங்குவேன். அடுத்த மாதம் குடும்பத்தோடு ஜப்பான் போகிறோம். அங்கே ஒரு பொதுக் குளியலறையின் படத்தில், வாசல் திரையில் அதே எழுத்து. பக்கத்தில் ‘பெண்’ என்ற எழுத்து. இதை எப்படிப் படிப்பது?

பதில்: ‘பெண்கள் சூப்’ என்று படித்துச் சிரித்திருப்பீர்கள். எழுத்து அதேதான். ஜப்பானில் இருப்பதுதான் அதன் பழைய பொருள்.

எழுத்தின் இடப்பக்கம் மூன்று துளி தண்ணீர். வலப்பக்கம் மேலே சூரியன் இருப்பதால் ‘வெயிலில் சூடான நீர்’ என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அந்தப் பாதி வந்தது முக்கியமாக ஒலிக்காக. சீனத் தத்துவத்தின் யின்-யாங்கில் வரும் யாங்குக்கும் அதே பாதிதான். கி.பி. 100 வாக்கில் சீன அறிஞர் ஷூ ஷென் தொகுத்த அகராதி இதற்குச் சொல்லும் பொருள், வெந்நீர். பழஞ்சீனத் தத்துவஞானி மென்சியஸின் நூலிலும், குளிர்காலத்தில் இதைக் குடிப்போம், கோடையில் தண்ணீர் குடிப்போம் என்று வருகிறது. சீனாவில் அது கஷாயத்துக்கும் சூப்புக்கும் நகர்ந்துவிட்டது.

ஜப்பானியர் எழுத்தை வாங்கி, வெந்நீருக்கான தங்கள் சொல்லான ‘யு’வை அதில் ஏற்றினார்கள். குளிக்கிற வெந்நீரும் யுதான். சீன ஒலியிலிருந்து வந்த ‘தோ’வும் உண்டு: காசு கொடுத்துக் குளிக்கும் இடம் ‘சென்தோ’. ஜலதோஷத்துக்குக் குடிக்கும் ‘கக்கொன்தோ’ கஷாயத்தின் வாலிலும் அதே தோ. வியட்நாமில், கஷாயத்துக்குக் கட்டித்தரும் மருந்துப் பொட்டலம் ‘தாங்’. கொரியர்கள் எதையும் விடவில்லை. ஜின்செங் என்ற மூலிகை வேர் போட்ட கோழி சூப் ‘சாம்க்யேதாங்’, குளியலறை ‘மோக்யோக்தாங்’. அங்கே குளிர்ந்த நீர்த் தொட்டிக்குப் பெயர் ‘நெங்தாங்’, அதாவது ‘குளிர்ந்த வெந்நீர்’!

சரி, வாசலுக்கு வருவோம். ஆண்களுக்கு நீலத் திரை, பெண்களுக்குச் சிவப்பு என்பது பொதுவான வழக்கம்தான், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். சில இடங்களில் வேளைக்கு வேளை இரு பக்கத்தையும் மாற்றுவார்கள். நேற்று போன கதவு இன்று உங்களுடையதாக இல்லாமல் போகலாம். ‘யு’வோடு இருக்கும் எழுத்தைப் பாருங்கள். அதன் மேலே நான்கு கட்டமாகப் பிரித்த சதுரம் (வயலைக் குறிப்பது) இருந்தால் ஆண்.

உணவகத்தில் சூப் தேட இந்த எழுத்து உதவாது. ‘ஷிரு’வைத் தேடுங்கள், மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது) சூப்பின் பெயர் ‘மிசோஷிரு’. அந்த எழுத்துக்குச் சீனாவில் சாறு என்று பொருள் (நம் ரசம் இந்திக்குப் போனால் கரும்புச்சாறு ஆவதுபோல). குடிக்க வெந்நீர் வேண்டுமா? ‘ஒயு’ என்று கேளுங்கள், சூப் வராது.