பாளையங்கோட்டை வீட்டை விற்றுவிட்டு கோவைக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 69, அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவிக்கு 66, முட்டுவலி உண்டு. பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டை விற்றுவிட்டு கோயம்புத்தூரில் மூத்தோர் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்கலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள் அண்ணாச்சி, ஆனால் வீட்டை மட்டும் இப்போது விற்காதீர்கள். அந்தக் குடியிருப்பிலேயே யாராவது வாடகைக்கு விட்டிருப்பார்கள், ஆறு மாதம் இருந்து பாருங்கள். மெஸ் சாப்பாடு முதல் வாரம் நன்றாகத்தான் இருக்கும். தாமிரபரணித் தண்ணீரும் சொதியுமாக வளர்ந்த நாக்குக்கு மூன்றாவது மாதமும் அது இறங்குகிறதா என்பதுதான் கணக்கு.

பலரும் வீட்டு விலையைத்தான் பார்க்கிறார்கள். எனக்குக் கவலை மாதக் கட்டணம்தான். இன்று பராமரிப்பும் சாப்பாடும் சேர்த்து 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள், வருஷம் 8 சதவீதம் ஏறினாலே பத்து வருஷத்தில் 43,000 ஆகிவிடும். பென்ஷனுக்கு அகவிலைப்படி ஏறும், சரி. ஆனால் சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும்: உங்களுக்குப் பிறகு மதினிக்கு வருவது குடும்ப ஓய்வூதியம். முழுப் பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் பாதி என்றால் இது அதே சம்பளத்தில் 30 சதவீதம்தான், அதாவது 50,000 வாங்கிய இடத்தில் 30,000. ஆள் ஒன்று குறைந்தால் சாப்பாட்டுச் செலவு குறையும், வீட்டின் பராமரிப்புக் கட்டணம் குறையாது. மதினி ஒருத்தர் அந்தத் தொகையில் அங்கே காலம் தள்ள முடியுமா என்று பேப்பரில் எழுதிப் பாருங்கள்.

அடுத்து, இந்த இடங்கள் பெரும்பாலும் எழுந்து நடமாடுகிறவர்களுக்கானவை. படுக்கையில் விழுந்தால் நர்ஸ் யார் வைப்பது, செலவு யாருடையது, நினைவு தவறினால் காலி பண்ணச் சொல்வார்களா, எல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். விற்பனைப் பிரிவில் இருக்கிறவர் வாயால் சொல்வது செல்லாது.

அப்புறம் பத்திரம். உங்கள் பேரில் கிரயமா, இல்லை டெபாசிட் கட்டி இருந்துகொள்ளும் உரிமை மட்டுமா? புதுக் கட்டுமானம் என்றால் 2016-ஆம் வருஷச் சட்டப்படி ரெரா (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) பதிவு எண் இருக்கும், தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு வாரிசாக வீடு வந்தாலும் வயது வரம்பு காரணமாக அவர்கள் குடியிருக்க முடியாமல் போகலாம், விற்கும்போது மாற்றல் கட்டணமும் கேட்பார்கள். எத்தனை சதவீதம் என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

வாடகைக்குப் போகிற ஆறு மாதத்தில் மார்கழியும் வருகிற மாதிரிப் பாருங்கள், மதினியின் முட்டுக்கு அந்த ஊர்க் குளிர் ஒத்துக்கொள்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.