பழைய படகில் மின்சார டாய்லெட்: மோட்டாரை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: கொல்லங்கோட்டுக்காரன் நான். 20 வருடம் ஓடிய ஃபைபர் கேபின் படகு ஒன்றைக் கொச்சியிலிருந்து வாங்கி, நெய்யாறு கடலில் சேரும் பூவாற்றில் கட்டியிருக்கிறேன். அதில் 12 வோல்ட் மின்சார டாய்லெட். பட்டனை அமுக்கினால் பாதி நேரம் 'உம்' என்று முனகுகிறது, மீதி நேரம் மெதுவாகச் சுற்றுகிறது. காலையில் வந்து பார்த்தால் கோப்பையில் தண்ணீர் தானாக ஏறி நிற்கிறது. கேபின் முழுக்க அழுகிய முட்டை நாற்றம். மெக்கானிக் மொத்த செட்டையும் மாற்றச் சொல்கிறார். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: செட்டை மாற்றுவதைத் தள்ளி வையுங்கள். இன்றைக்கே செய்ய வேண்டியது வேறு. படகின் அடியில் டாய்லெட்டுக்கென்று இரண்டு வால்வுகள் இருக்கும்: தண்ணீர் உள்ளே வர ஒன்று, கழிவு வெளியே போக ஒன்று. இரண்டையும் மூடிவிட்டு வீட்டுக்குப் போங்கள். உங்கள் மூன்று புகார்களில் மோட்டார் முனகுவது பணச் செலவு, நாற்றம் ஒரு தொல்லை. ஆனால் கோப்பையில் தண்ணீர் தானாக ஏறுவது படகையே முழுக வைக்கும்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உள்ளே வரும் குழாய் பெரும்பாலும் முக்கால் அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர். நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே அந்த அளவில் ஒரு வாய் திறந்திருந்தால் நிமிடத்துக்கு சுமார் 30 லிட்டர் உள்ளே வரும். ஒரு மணி நேரத்தில் 1,800 லிட்டர், கிட்டத்தட்ட இரண்டு டன். உங்களுக்கு இப்போது மெதுவாகத்தான் ஏறுகிறது, ஏனென்றால் பழைய ரப்பர் இன்னும் ஓரளவு தடுத்துக்கொண்டிருக்கிறது. எங்கள் கரையில் ஒரு படகு இப்படித்தான் ஒரே ராத்திரியில் உட்கார்ந்தது. காலையில் போனபோது தரைப்பலகைகள் மிதந்துகொண்டிருந்தன, பேட்டரியும் தண்ணீருக்கு அடியில். அதன் உரிமையாளர் தலையில் கைவைத்து நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

தண்ணீர் எந்த வழியாக ஏறுகிறது என்று பகலில், நீங்கள் படகில் இருக்கும்போதே சோதியுங்கள். கோப்பைக்குள் நீர்மட்டத்தில் ஒரு பென்சில் கோடு போடுங்கள். உள்வரும் வால்வை மூடி, வெளியேறும் வழியை மட்டும் திறந்துவைத்து ஒரு மணி நேரம் காத்திருங்கள். மட்டம் ஏறினால் கழிவு வழியில் கோளாறு. ஏறாவிட்டால் மாற்றித் திறந்து பாருங்கள். வருகிற தண்ணீரின் நிறமும் வாடையும்கூடப் பாதி விடையைச் சொல்லிவிடும்.

கழிவு வழி என்றால், கோப்பைக்குப் பின்னால் குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு ரப்பர் வால்வு இருக்கிறதா பாருங்கள். வாத்தின் அலகு மாதிரி பிளந்திருக்கும், ஜோக்கர் வால்வு என்பார்கள். உப்புக்கல் படிந்தால் அந்த அலகு மூடாது. சின்னச் சாமான்தான். கழுவிப் பார்க்காமல் புதிதே போட்டுவிடுங்கள்.

உள்வரும் வழி என்றால், குழாய் ஓரிடத்தில் நீர்மட்டத்துக்கு மேலே ஏறி வளைந்து இறங்க வேண்டும். படகு எவ்வளவு சாய்ந்தாலும், எவ்வளவு பாரம் ஏற்றினாலும் அந்த வளைவின் உச்சி நீர்மட்டத்துக்கு 20 சென்டிமீட்டராவது மேலே நிற்க வேண்டும். உச்சியில் காற்றை உள்ளே விடும் சிறு மூக்கு ஒன்று உண்டு. அது காற்றை விட்டால்தான் மோட்டார் நின்ற பிறகு குழாய் தானாக உறிஞ்சுவது நிற்கும். மூக்கில் உப்பு அடைத்தால் வளைவு இருந்தும் பயனில்லை. வெந்நீரில் கழுவுங்கள். ஃப்ளஷ் பண்ணும்போது தண்ணீர் தெறிக்கிறது என்று முன்பு வைத்திருந்தவர் யாராவது அதை டேப் சுற்றி அடைத்திருக்கவும் கூடும், பழைய படகுகளில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இன்னொன்று: மின்சார பம்ப் என்றால் இந்த வளைவு பம்புக்கும் கோப்பைக்கும் நடுவில் இருக்க வேண்டும். வால்வுக்கும் பம்புக்கும் நடுவில் வைத்தால் பம்ப் அந்த மூக்கு வழியாகக் காற்றை இழுக்கும், தண்ணீர் வராது.

இனி முனகல். மோட்டார் போய்விட்டது என்று சொல்லப்படும் படகுகளில் நான் முதலில் சந்தேகிப்பது வயரைத்தான். 12 வோல்ட்டில் இந்த மோட்டார் 18 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும். பேட்டரியிலிருந்து டாய்லெட் 6 மீட்டர் தள்ளி இருந்தால், போகவும் வரவும் 12 மீட்டர் வயர். வீட்டுக்கு இழுக்கும் 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் தடிமன்) வயரைப் போட்டிருந்தால் வழியிலேயே சுமார் 1.6 வோல்ட் போய்விடும். 12.6 கிளம்பினால் 11தான் மோட்டாருக்குக் கிடைக்கும். அதுவும் வயர் புதிதாக இருக்கும்போது. 20 வருடம் உப்புக்காற்றில் கிடந்த இணைப்புகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தால் இன்னும் குறையும். 10 ஸ்கொயர் வயரில் அதே இழப்பு 0.4 வோல்ட்தான்.

மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் பிளஸ்ஸிலும் மறுமுனையை மோட்டாருக்குப் போகும் பிளஸ்ஸிலும் தொட்டுக்கொண்டு, வேறொருவரைப் பட்டனை அமுக்கச் சொல்லுங்கள். மீட்டர் காட்டுவதுதான் வழியில் தொலைந்த வோல்ட். மைனஸ் பக்கமும் அப்படியே. இரண்டும் சேர்ந்து அரை வோல்ட்டைத் தாண்டினால் பியூஸ் ஹோல்டர், ஸ்விட்ச், வயர் நுனியில் மாட்டும் லக் என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும் இடமே பெரும்பாலும் குற்றவாளி. வயரை மாற்றுவதானால் வெள்ளீயம் பூசிய செம்பு வயராகப் பாருங்கள். பட்டன் அமுக்காமல் சும்மா மோட்டார் முனையில் 12.6 காட்டுகிறது என்று யாராவது சொன்னால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். கரண்ட் ஓடும்போது பார்ப்பதே அளவு.

வோல்ட் சரியாக வந்தும் முனகினால் உள்ளே ஏதோ பிடித்திருக்கிறது. பியூஸைக் கழற்றுங்கள். சில மாடல்களில் மோட்டாரின் பின்முனையில் ரப்பர் மூடியை எடுத்தால் ஸ்க்ரூடிரைவர் நுழையும் வெட்டு தெரியும், அதில் வைத்துத் திருப்பலாம். லேசாகச் சுற்றினால் கோளாறு மோட்டாருக்குள். இறுகி இருந்தால் பம்ப் பக்கம். நாள்கணக்கில் ஓட்டாத படகில், தண்ணீரை இழுக்கும் சக்கரமான இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் சுவரில் ஒட்டிக்கொள்வது சகஜம். கழிவை அரைக்கும் பிளேடில் முடியோ, துணி மாதிரியான ஈரத்தாளோ சுற்றியிருக்கலாம்.

பிரிக்கும் முன் நல்ல தண்ணீர் ஊற்றி நாலைந்து முறை ஓட்ட முடிந்தால் ஓட்டுங்கள். அதன் பிறகு வால்வுகள் மூடியிருக்கின்றனவா என்று கையால் தொட்டு உறுதி செய்யுங்கள். கையுறை கட்டாயம். எந்த வயர் எங்கே என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிளஸ் மைனஸ் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும், தண்ணீர் ஏறாது. இம்பெல்லரில் ஏதாவது இதழ் உடைந்திருந்தால் அந்தத் துண்டைத் தேடி எடுக்காமல் மூடாதீர்கள், அது போய் அடுத்த வளைவில் அடைக்கும். புதிய இம்பெல்லரைக் கிளிசரின் தடவிப் போடுங்கள், கிரீஸ் வேண்டாம். பூவாற்றில் பொழி (ஆறு கடலில் சேரும் மணல்வாய்) திறந்திருக்கும்போது தண்ணீரில் மணல் அதிகம். உள்வரும் வழியில் வடிகட்டி இல்லையென்றால் ஒன்று வையுங்கள்.

பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் தண்ணீர் சொட்டினால், சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் ஷாஃப்ட் சீல் தேய்ந்துவிட்டது. அதை விட்டுவைத்தால்தான் நிஜமாகவே மோட்டார் போகும். உள்ளே துரு பிடித்திருந்தாலும் மனம் தளர வேண்டாம். கார்பன் பிரஷ்ஷும் பேரிங்கும் ஆர்மேச்சர் கட்டும் கடையில் மாற்றலாம். மார்த்தாண்டம் வரை போனால் போதும்.

நாற்றத்துக்கு வருகிறேன். அழுகிய முட்டை வாடை பல நேரம் கழிவிலிருந்து வருவதில்லை. உள்வரும் குழாயில் தேங்கிய கடல்நீரில் நுண்ணுயிர்கள் செத்து அழுகும்போது ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். சில நாள் கழித்து முதல் ஃப்ளஷ்ஷில் நாற்றம் தூக்கலாக இருந்தால் இதுதான். படகை விட்டுப் போகும்முன் கோப்பையில் நல்ல தண்ணீர் ஊற்றி ஓட்டினால் கழிவு வழி சுத்தமாகும். உள்வரும் குழாய்க்கு, வால்வை மூடி, குழாயைக் கழற்றி ஒரு வாளி நல்ல தண்ணீரில் விட்டு ஓட்ட வேண்டும். குடிநீர்த் தொட்டியின் குழாயை மட்டும் டாய்லெட்டில் நேரடியாக இணைத்துவிடாதீர்கள். நாற்றம் எப்போதும் இருந்தால் கழிவு ஹோஸ் ஊறிப்போயிருக்கலாம். வெந்நீரில் நனைத்த துணியால் ஹோஸைத் துடைத்து, துணியை முகர்ந்து பாருங்கள். வாடை ஏறியிருந்தால் ஹோஸை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

உள்ளே வெள்ளையாகக் கல் படிந்து ஹோஸ் குறுகியிருந்தாலும் மோட்டார் திணறும். வினிகரோ, எலுமிச்சை உப்புக் கரைசலோ ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். கல் தடித்திருந்தால் ஹோஸைக் கழற்றிக் கரையில் சிமென்ட் தரையில் அடித்தால் உதிர்ந்துவிடும். மண்ணெண்ணெயும் பைன் எண்ணெய் கலந்த கிளீனரும் ரப்பரை உப்ப வைக்கும். அமிலம் ஊற்றிய இடத்தில் ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டவே கூடாது, மூடிய கேபினில் குளோரின் வாயு உயிரையே எடுக்கும்.

கழிவு எங்கே போகிறது என்று நீங்கள் எழுதவில்லை. நெய்யாற்றிலோ காயலிலோ விடுவது 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி கூடாது, அந்தக் கரையில்தான் பிள்ளைகள் குளிக்கிறார்கள். கழிவைச் சேர்த்துவைக்கும் தொட்டி இருந்தால், கழிவை வெளியேயா தொட்டிக்கா என்று திருப்பும் வால்வைத் தொட்டிப் பக்கம் வைத்துக் கேபிள் டை போட்டுக் கட்டிவிடுங்கள். இல்லையென்றால் புது மோட்டாருக்கு எடுத்துவைத்த பணத்தில் ஒரு தொட்டி வாங்குங்கள். தொட்டியின் காற்றுக்குழாய் அடைத்திருந்தாலும் ஃப்ளஷ் மெதுவாகும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பூட்டிய பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு ஹோஸ் கிளிப் போட்டு, காய்ந்த டிஷ்யூ ஒன்றைச் சுற்றி வையுங்கள். வால்வுகளைத் திறந்து, ஒரு மணி நேரம் படகிலேயே இருந்து, ஒவ்வொரு டிஷ்யூவையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று நனைந்திருந்தாலும் வால்வை மூடிவிட்டுத்தான் கரையேற வேண்டும்.