விழா மலரா, வரலாறா?

கேள்வி: நேதாஜியின் சிங்கப்பூர் நாள்களை நூலாக எழுதுகிறேன். இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த பெரியவர்களின் ஒலிப்பதிவுகளைக் கேட்டாகிவிட்டது. ஜப்பானியரோடு அவருக்கிருந்த உறவைக் கிளறினால் அவர்கள் குடும்பத்தார் மனம் புண்படும். தொடாமல் விட்டால் என்ன?
– வாசகர், ஈசூன்

பதில்: விட்டால் உங்கள் கையில் மிஞ்சுவது விழா மலர்தான்.

முதலில் நாள்வரிசை போடுங்கள். ஒரு நாளுக்கு ஒரு வரி. பக்கத்திலேயே எந்த ஆவணம், எத்தனையாம் பக்கம், எந்த ஒலிப்பதிவு, எத்தனையாவது நிமிடம். 1943 ஜூலை 2 வருகை, 4 கேத்தே திரையரங்கில் ராஷ் பிஹாரி போஸிடமிருந்து இந்திய சுதந்திரச் சங்கத்தின் தலைமை ஏற்பு, 5 பாடாங் திடலில் அணிவகுப்பு என்று போகும். சறுக்குவது இங்கேதான். ஜப்பானியத் தாளில் ஆண்டு 2603 என்றிருந்தால் 660ஐக் கழியுங்கள். மணியும் தோக்கியோ மணி. போருக்கு முந்திய மலாயா நேரத்தைவிட ஒன்றரை மணி கூடுதல். பிரிட்டிஷ் தந்திகளோடு ஒப்பிடும்போது இதைக் கவனிக்காவிட்டால் முன்னது பின்னதாகிவிடும்.

இனி உங்கள் தயக்கம். 1943 அக்டோபர் 17 அன்று ஜப்பானியர் போட்ட சயாம் (தாய்லாந்து) மரண ரயில்பாதையின் இரு முனைகளும் இணைந்தன. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் மாண்ட பாதை அது. நான்கு நாள் கழித்து, 21ஆம் தேதி, கேத்தேயில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசு அறிவிக்கப்பட்டது. இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதத்தான் வேண்டும். மாண்டவர்களும் நம் ஆட்கள்தானே! ஆனால் 'நேதாஜி தெரிந்தும் பேசாதிருந்தார்' என்று எழுத, தெரிந்தது என்பதற்குத் தேதியிட்ட தாள் வேண்டும். சியோனான் (ஜப்பானியர் சிங்கப்பூருக்கு இட்ட பெயர்) நாளேடுகளில் செய்தி இல்லை என்பதை வைத்து எதையும் நிறுவ முடியாது. அவை ஜப்பானியர் பிடியில் வந்தவை.

பெரியவர்களின் நினைவுகளைப் பொறுத்தவரை, இங்கு சிங்கப்பூரில் அரசின் வாய்மொழி வரலாற்றுப் பிரிவு தொடங்கியதே 1979இல். நடந்து ஏறத்தாழ 35 ஆண்டு ஆன பிறகு சொன்னவை. என்ன கண்டார்கள், ஏன் படையில் சேர்ந்தார்கள் என்பதற்கு அவற்றைவிட நல்ல ஆதாரம் கிடையாது. தேதிக்கும் தலைக்கணக்கிற்கும் அவற்றை நம்பாதீர்கள். மேற்கோள் காட்டுமுன் ஒவ்வொரு பதிவின் அனுமதி நிபந்தனையையும் பாருங்கள்.

நேதாஜி மாண்டதாகச் சொல்லப்படும் விமான விபத்துச் சர்ச்சைக்கு அரைப் பக்கம் போதும்.

அச்சுக்குப் போகுமுன் அந்த அத்தியாயத்தைக் குடும்பத்தாரிடம் கொடுங்கள். தேதியோ பெயரோ தப்பென்றால் திருத்துங்கள். கருத்து பிடிக்கவில்லை என்றால் அவர்கள் மறுப்பை அவர்கள் சொற்களிலேயே சேர்த்துப் போடுங்கள். நீங்கள் எழுதியதை எடுக்காதீர்கள்.