ஆற்றுக்குப் பயந்தால் ஹைட்ரோஃபோபியாவா?

கேள்வி: ஆடிப்பெருக்கன்று புஷ்ய மண்டபப் படித்துறையில் கால் நனைக்கவே மாட்டேன் என்று என் பத்து வயது மகன் அழுதான். ‘ஹைட்ரோஃபோபியா’ என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அது நாய்க்கடி நோய் அல்லவா?
– வாசகி, திருவையாறு

பதில்: நாய்க்கடி நோயேதான். ஆனால் உங்கள் மகனுக்கு அது இல்லை. கிரேக்கத்தில் ‘ஹைடோர்’ தண்ணீர், ‘ஃபோபோஸ்’ பயம். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் தப்பில்லை. மருத்துவம்தான் அதை வெறிநாய்க்கடிக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டது. கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ், தாகமும் தண்ணீர்ப் பயமும் சேர்ந்து வதைக்கும் இந்நோயைக் கிரேக்கர்கள் இப்படி அழைப்பதாக லத்தீனில் எழுதினார். பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதை இதை ‘ஜலத்ராசம்’ என்கிறது.

தமிழில் ‘நீர்வெறுப்பு’ என்று எழுதுகிறோம், அவ்வளவு பொருத்தமில்லை. நோயாளிக்குத் தண்ணீர்மேல் வெறுப்பில்லை, தாகம்தான். ஒரு வாய் விழுங்கப் போனால் தொண்டைத் தசையும் மூச்சுத் தசையும் இழுத்துப் பிடிக்கும். பிறகு தம்ளரைப் பார்த்தாலே இழுக்கும், முகத்தில் காற்று பட்டாலும் இழுக்கும்.

மகன் தண்ணீர் குடிக்கிறான், குளிக்கிறான் என்றால் அவனுக்கு இருப்பது ‘அக்வாஃபோபியா’வாக, அதாவது தண்ணீரைக் கண்டு மனத்தில் எழும் பயமாக, இருக்கலாம். லத்தீன் தலை, கிரேக்க வால், ஒட்டுச்சொல். பிடித்துத் தள்ளினால் பழகிவிடுவான் என்பார்கள், கேட்காதீர்கள், பயம் இரட்டிப்பாகும். வீட்டில் தலைவழியே சொம்புத் தண்ணீர், பிறகு அகலமான பாத்திரத்தில் முகம் வைத்துக் குமிழி ஊதுவது, அப்புறம் பம்ப்செட் தொட்டியில் கணுக்கால், முழங்கால் அளவு என்று போங்கள். ஒவ்வொன்றிலும் பயம் தணியும்வரை நிற்க வேண்டும். உச்சப் பயத்தில் ஓடிவர விட்டால், ஓடினால்தான் நிம்மதி என்று மனம் பிடித்துக்கொள்ளும். எப்படியும் ஆடி வெள்ளம் நீச்சல் பழகும் இடமல்ல. அடிப்படிகளில் பாசி வழுக்கும், மணல் எடுத்த பள்ளம் மேலே தெரியாது. அந்த மட்டில் பையன் பயந்தது நியாயமே.

நாய் கடித்தாலோ பிராண்டினாலோ மட்டும் தாமதம் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதுவும் வைக்க வேண்டாம். அன்றே ஊசி; அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்கள் (முதல் ஊசி போடும் நாளே 0). ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தும் போட வேண்டும். நாய் சாகிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருக்காதீர்கள். நீரச்சம் (ஹைட்ரோஃபோபியா) தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது.