சத்தம் வரவில்லை என்றதும் சவுண்டு கார்டு வாங்க வேண்டுமா?

கேள்வி: நான்கு மாதம் முன்பு அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப்பில் சத்தமே வரவில்லை. மதர்போர்டில் உள்ள சவுண்டு சிப் போய்விட்டது, தனியாகச் சவுண்டு கார்டு வாங்கிப் போடுங்கள் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்காதீர்கள். சிப் பழுதாவது அரிது. பெரும்பாலும் தப்பான இடத்துக்குச் சத்தம் போய்க்கொண்டிருக்கும்.

முதலில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, போனில் நன்றாகப் பாடுகிற இயர்போன் ஒன்றைக் கேபினெட்டின் பின்புறமுள்ள பச்சை ஓட்டையில் முழுவதும் அழுத்திச் செருகுங்கள். இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் லைன் இன்னுக்கு, அதாவது வெளிக் கருவியின் சத்தத்தை உள்ளே வாங்க. இரண்டிலும் பாட்டு வராது. பாதி செருகினால் ஒரு காதில் மட்டும் கேட்கலாம்.

அடுத்து விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், கீழே 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' என்பதைத் திறங்கள். பிளேபேக் பட்டியலில் ஸ்பீக்கர்ஸ் மீது வலது கிளிக் செய்து 'டெஸ்ட்' கொடுங்கள். கேட்டால் அதையே 'செட் ஆஸ் டீஃபால்ட்' ஆக்குங்கள். எச்டிஎம்ஐ கேபிளில் மானிட்டர் இணைத்திருந்தால், அதில் ஸ்பீக்கரே இல்லாவிட்டாலும் விண்டோஸ் சில சமயம் அதைத் தேர்ந்தெடுத்துவிடும். இந்த ஒன்றுக்காகவே பலர் வீணாகச் செலவு செய்கிறார்கள்.

டெஸ்ட் கொடுக்கும்போது பக்கத்திலுள்ள பச்சைக் கோடுகள் ஏறி இறங்குகின்றனவா என்று பாருங்கள். ஏறியும் சத்தம் இல்லையென்றால் விண்டோஸ் தன் வேலையைச் செய்கிறது. ஓட்டை, ஒயர், ஸ்பீக்கரின் கரண்ட் அடாப்டர் ஆகியவற்றைப் பாருங்கள். பின்னால் கேட்டு முன்னால் மட்டும் கேட்கவில்லையா? கேபினெட்டின் முன்பக்க ஆடியோ ஒயரை மதர்போர்டில் செருகாமல் விட்டிருப்பார்கள். கடையில் இலவசமாகச் செய்து தர வேண்டிய வேலை இது.

ஸ்பீக்கர்ஸ் என்ற பெயரே பட்டியலில் இல்லையென்றால், பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) ஆன்போர்டு ஆடியோ, அதாவது மதர்போர்டின் சவுண்டு சிப், அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான ஆடியோ டிரைவரை (சிப்பை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) போடுங்கள்.

கடைசிச் சோதனை: உபுண்டு (விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளம், இலவசம்) ஏற்றிய பென் டிரைவில் கம்ப்யூட்டரைத் தொடங்கி, இன்ஸ்டால் செய்யாமலே அதன் சவுண்ட் அமைப்பில் டெஸ்ட் கொடுங்கள். அதில் கேட்டால் சிப் நன்றாக இருக்கிறது, கோளாறு விண்டோஸில். அதிலும் கேட்காவிட்டால்தான் கடைக்காரர் சொல்வது சரியாக இருக்கலாம். அப்போதும் செலவு உங்களுடையதல்ல; சவுண்டு சிப் மதர்போர்டின் அங்கம், அதன் வாரண்டியில் அடங்கும். பில்லில் மதர்போர்டின் சீரியல் எண் இருக்கிறதா பாருங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியுங்கள்.