பாண்டியர் வரலாறு படிக்கச் சமஸ்கிருதம் தேவையா?

மதுரையைச் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர், பாண்டியர் வரலாற்றைக் கல்வெட்டுகளிலிருந்தே நேரடியாகப் படிக்க விரும்புவதாகவும், அதற்குத் தமிழ் மட்டும் போதுமா, சமஸ்கிருதமும் கற்க வேண்டுமா, கற்பதென்றால் எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறார். கற்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். எந்த மொழி மூத்தது என்ற வழக்கை இதற்குள் இழுக்க வேண்டியதில்லை. தமிழ் சமஸ்கிருதத்தின் கிளைமொழி இல்லை, தெலுங்கு, கன்னடம் முதலியவற்றோடு சேர்ந்த தனிக் குடும்பம் என்பதைச் சென்னையில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் 1816இலேயே எடுத்துக்காட்டினார். கால்டுவெல் 1856இல் விரிவாக நிறுவினார். அது முடிந்த கதை. நம் ஊர்க் கல்லில் எழுதியிருப்பதை ஒரு வரி விடாமல் படிக்க வேண்டுமென்றால் இரண்டு மொழிகளும் வேண்டும் என்பதுதான் இங்கே பேச்சு.

ஒத்தக்கடைக்கு அருகே யானைமலை அடிவாரத்தில் இருக்கும் நரசிங்கப் பெருமாள் குடைவரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கோயிலைப் பற்றி அங்கே இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. ஒன்று, தமிழகத்தில் சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் உள்ள சமஸ்கிருதச் செய்யுள். மற்றது, தமிழின் பழைய எழுத்து வகையாகிய வட்டெழுத்தில் உள்ள தமிழ் உரைநடை. சமஸ்கிருதச் செய்யுள், பராந்தகன் என்னும் பாண்டியனின் அமைச்சரும் மதுரகவி எனப் புகழ்பெற்றவருமான ஒருவர் திருமாலுக்கு இக்கற்கோயிலை எடுத்தார் என்று கூறி, அப்போது கலியுகத்தில் 3871 ஆண்டுகள் கழிந்திருந்தன என்று காலத்தையும் குறிக்கிறது. தமிழ்க் கல்வெட்டோ, மாறஞ்சடையன் என்னும் அரசனின் உத்தரமந்திரியாகிய (தலைமை அமைச்சர்) களக்குடி மாறங்காரி இக்கற்றளியைச் (கற்கோயில்) செய்து, நீர் தெளித்துக் குடமுழுக்குச் செய்யும் முன்பே இறந்துபோனார் என்றும், அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி நீர் தெளித்தார் என்றும் சொல்கிறது. தமிழில் ஆண்டு இல்லை. சமஸ்கிருதத்தில் அந்த மரணம் இல்லை, தம்பியும் இல்லை. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் மாறஞ்சடையனும் பராந்தகனும் ஒருவனே என்பது தெரிகிறது. கலி ஆண்டைக் கி.பி. ஆண்டாக மாற்ற 3101ஐக் கழிப்பார்கள்; 3871இலிருந்து கழித்தால் கி.பி. 770 கிடைக்கிறது. முற்காலப் பாண்டியர் வரலாற்றின் கால வரிசையையே ஆய்வாளர்கள் இந்த ஆண்டைப் பிடித்துக்கொண்டுதான் ஒழுங்குபடுத்தினார்கள். அண்ணன் தொடங்கியதைத் தம்பி முடித்துவைத்த செய்தியை நான் முதன்முதலில் படித்தபோது நெஞ்சு கனத்தது.

சமஸ்கிருதம் மட்டும் தெரிந்தவருக்கும் இழப்பு உண்டு. அதே அரசன் வழங்கிய வேள்விக்குடிச் செப்பேட்டில் சமஸ்கிருதப் பகுதியை இயற்றியவர் ஒருவர், தமிழ்ப் பகுதியை இயற்றியவர் வேறொருவர். அகத்தியரைக் குருவாகக் கொண்ட புராண வம்சப் பெருமையெல்லாம் முன்னதில் இருக்கிறது. களப்பிரர் நாட்டைக் கைப்பற்றியது, பாண்டியன் கடுங்கோன் அதை மீட்டது, களப்பிரர் காலத்தில் வேள்விக்குடி நிலத்தை இழந்தவர்களின் வழிவந்த நற்சிங்கன் அரசனிடம் முறையிட்டது ஆகியவை தமிழ்ப் பகுதியில்தான் வருகின்றன. அரசன் முறுவலித்து, “நாட்டால் நின் பழமையாதல் காட்டி நீ கொள்க” என்றானாம்; நாட்டாரைக் கொண்டு உன் பழைய உரிமையைக் காட்டிப் பெற்றுக்கொள் என்பது பொருள். சான்று இல்லாமல் அரசனே ஆனாலும் நிலத்தைத் தூக்கிக் கொடுத்துவிடவில்லை என்பது எவ்வளவு பெரிய செய்தி!

பண்பாட்டுச் செல்வாக்கு என்றாலே வடக்கிலிருந்து தெற்கே வந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். மதுரையின் சான்று வேறு மாதிரியானது. திருமலை நாயக்கர் காலத்தில் இங்கே வாழ்ந்த நீலகண்ட தீட்சிதர், சோமசுந்தரரின் 64 திருவிளையாடல்களை ‘சிவலீலார்ணவம்’ என்ற 22 சருக்கங்கள் கொண்ட சமஸ்கிருதக் காவியமாகப் பாடினார். தருமிக்குப் பொற்கிழி அளித்த கதை, ‘கொங்குதேர் வாழ்க்கை’ என்ற குறுந்தொகைப் பாட்டைச் சுற்றிப் பிறந்தது. சங்கப் புலவர்களைப் பற்றிய அத்தகைய கதைகள் மதுரையிலிருந்து புறப்பட்டுச் சமஸ்கிருத மகாகாவியத்துக்குள் போய் அமர்ந்தன. பரஞ்சோதி முனிவர் தம் திருவிளையாடற் புராணத்துக்கு வடமொழி மூலம் உண்டு என்று கூறினாலும், அவருக்கு முன்பே பெரும்பற்றப்புலியூர் நம்பி தமிழில் திருவிளையாடல் பாடியிருக்கிறார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கொடுத்ததும் கொண்டதும் இரு பக்கமும் நடந்தன.

இனி, எங்கிருந்து தொடங்குவது? தேவநாகரியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் கிரந்த எழுத்தைப் படியுங்கள். ஜ, ஷ, ஸ, ஹ ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்த கிரந்த எழுத்துகள். ண, த, ந, ய, வ ஆகியவை தமிழ் வடிவத்துக்கு மிக நெருக்கமானவை. 2014 முதல் யூனிகோடிலும் கிரந்தம் இருப்பதால் கணினியில் எழுதிப் பழகவும் தடையில்லை.

இலக்கணத்தில் தமிழ் படித்தவருக்குப் பாதி வழி கடந்ததுபோலத்தான். விளியோடு எட்டு வேற்றுமை என்பதைத் தொல்காப்பியத்திலேயே படித்திருப்பீர்கள். ‘ராம’ சப்தத்தை, அதாவது அச்சொல்லின் வேற்றுமை வடிவங்களை, மனப்பாடம் செய்யும்போது அந்த எட்டும் ஒருமை, இருமை, பன்மை என மும்மடங்காகி 24 வடிவங்களாக நிற்கும். இருமை நமக்குப் புதிது, ஆனால் சீக்கிரம் பழகிவிடும். உண்மையான சோதனை கல்வெட்டுப் புகழ்ச்சிகளில் வரும் நீண்ட தொகைச் சொற்கள்தான். அவற்றை எங்கே பிரிப்பது என்ற தெளிவு, ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லித் திருத்தினால்தான் வரும். சப்தங்களும் வினை வடிவங்களும் ஓரளவு பிடிபட்டதும் ராமாயணக் கதைச் சுருக்கமாகிய சங்க்ஷேப ராமாயணத்தின் நூறு சுலோகங்களைப் படியுங்கள். பழைய பாடசாலை வழக்கம் அதுவே. அதன்பின் காளிதாசரின் ரகுவம்சம், அதன்பின் யானைமலைச் செய்யுள் என்று போகலாம். எண்ணைச் சொல்லால் குறிக்கும் முறையைத் தனியாகப் பழகிக்கொள்ளுங்கள், கல்வெட்டுச் செய்யுளில் ஆண்டு பெரும்பாலும் அப்படித்தான் வரும். கிரந்தத்தில் செலவிடும் உழைப்பு கல்வெட்டோடு நின்றுவிடாது. 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்க்கப்பட்ட புதுச்சேரிச் சைவ ஓலைச்சுவடிகளில் பெரும்பாலானவை இந்த எழுத்தில் எழுதப்பட்டவையே.