ஹேங் ஆகும் லேப்டாப்: பார்மட் போடும் முன் இதைப் பாருங்கள்

கம்ப்யூட்டர் கேள்வி-பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் ஹேங் ஆகும் சமாச்சாரமே அதிகம். அதனால் பிரின்டர், வைஃபை கேள்விகளை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. 2019-ல் வாங்கிய லேப்டாப். 8 ஜி.பி. ரேம், 1 டி.பி. ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. மார்க் ஏற்றிக்கொண்டிருக்கும்போது திடீரென்று நின்றுவிடுகிறது. பத்து, இருபது விநாடி எதைத் தொட்டாலும் அசைவில்லை. மவுஸ் அம்பு மட்டும் நகர்கிறது. அப்புறம் நான் அழுத்தியதெல்லாம் மொத்தமாக வந்து விழுகிறது. கடையில் இரண்டு தடவை பார்மட் போட்டார்கள். ஒரு வாரம் நன்றாக ஓடும், மறுபடி இதே கதை. இப்போது மதர்போர்டு போயிருக்கும் என்கிறார்கள். புதிதாகவே வாங்கிவிடட்டுமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: வாங்க வேண்டாம் டீச்சர். மதர்போர்டு என்று சொன்னவரிடம், எதைப் பார்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்று கேளுங்கள். பதில் வராது என்றுதான் நினைக்கிறேன். எங்கள் தொழிலில் கண்டுபிடிக்க முடியாததற்கெல்லாம் மதர்போர்டு என்று பெயர் வைத்துவிடுகிற பழக்கம் உண்டு.

உங்கள் கடிதத்திலேயே விஷயம் இருக்கிறது. அம்பு நகர்கிறது. அழுத்தியதெல்லாம் பிறகு மொத்தமாக வருகிறது. அப்படியென்றால் பிராசஸர் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் அழுத்தியதை எல்லாம் வாங்கியும் வைத்திருக்கிறது. வேறு யாரிடமிருந்தோ பதில் வரவில்லை, அதற்காக நிற்கிறது. ரேஷன் கடையில் கைரேகை மெஷின் சுற்றிக்கொண்டே இருந்தால், அரிசியும் இருந்து ஆளும் இருந்து வரிசை மட்டும் நகராது, அந்த மாதிரி. உங்கள் லேப்டாப்பில் அந்த மெஷின் ஹார்ட் டிஸ்க்காக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இதை நீங்களே பார்த்துவிடலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, அப்படியே ஒரு ஓரமாகத் திறந்து வைத்துவிட்டு வேலையைப் பாருங்கள். அடுத்த முறை நின்று, திரும்பி வந்ததும் அங்கே பாருங்கள். ஆக்டிவ் டைம் 100 சதவீதம் என்று கூரையைத் தொட்டு நிற்கும். அது மட்டும் பெரிய விஷயமில்லை. விண்டோஸ் அப்டேட் ஓடினாலும் 100 காட்டும். அதற்குக் கீழே இருக்கிற ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்தான் முக்கியம். நல்ல ஹார்ட் டிஸ்க்கில் அது பத்து, இருபது மில்லி விநாடி அளவில் இருக்கும். வேலை நெருக்கினால் சில நூறுக்குப் போகும். உங்களுடையதில் ஆயிரக்கணக்கில் காட்டி, அதே நேரம் படிக்கிற வேகமும் எழுதுகிற வேகமும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கிடந்தால், டிஸ்க் ஏதோ ஓர் இடத்தைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கெட்டுப்போன செக்டாரை, அதாவது டிஸ்க்கின் அந்தச் சின்னத் துண்டை, அது சட்டென்று விட்டுவிடாது. பல விநாடி முட்டிப் பார்க்கும். உங்கள் இருபது விநாடி அங்கேதான் போகிறது.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் விண்டோஸ் தனக்கு நடந்ததை எழுதி வைக்கிற பதிவேடான ஈவென்ட் வியூவரைத் திறந்து விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போங்கள். லேப்டாப் நின்ற நேரத்துக்கு நேரே டிஸ்க் என்ற பெயரில் 7 அல்லது 153 என்ற எண் இருக்கிறதா என்று தேடுங்கள். 7 என்றால் மோசமான பிளாக். 153 என்றால் கேட்டது கிடைக்காமல் மறுபடி கேட்டிருக்கிறது. அப்புறம் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கிற கணக்கைக் காட்டும். அதில் 05, சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள். சி5 என்பது படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருக்கிறவை. இரண்டிலும் பூஜ்யம் தவிர வேறு எதுவும் எனக்குப் பிடிக்காது. ஒன்று, அந்த மென்பொருள் கடைசிப் பத்தியின் எண்களைப் பதினாறடிமானத்தில், அதாவது பத்துக்குப் பதில் பதினாறை வைத்து எண்ணும் முறையில் காட்டும். ஏ0 என்று இருந்தால் அது 160.

பார்மட் போட்டதும் ஒரு வாரம் ஏன் நன்றாக ஓடியது? கடைகளில் போடுகிற குவிக் பார்மட் கெட்ட செக்டாரைத் தொடுவதே இல்லை. பெயர்ப் பட்டியலை அழித்து எழுதுகிறது, அவ்வளவுதான். புதிதாகப் போட்ட விண்டோஸின் ஃபைல்கள் டிஸ்க்கில் வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கும். நாளாக நாளாக நிரம்பி, பழைய கெட்ட இடத்துக்கு வந்ததும் மறுபடி அதே கதை. அதோடு ஒவ்வொரு பார்மட்டுக்கும் விண்டோஸ் முழுவதையும் எழுத வேண்டியிருக்கிறது. சாகக் கிடக்கிற டிஸ்க்குக்கு அது இன்னொரு சுமை.

அதனால் முதல் வேலை, இன்றைக்கே உங்கள் ஃபைல்களை வேறு இடத்துக்கு நகலெடுப்பது. மார்க் ஷீட், போட்டோ, ஸ்கேன் செய்து வைத்த சான்றிதழ் என்று போனால் திரும்பக் கிடைக்காததை முதலில் எடுங்கள். சினிமாவெல்லாம் கடைசி. நகல் முடியும் வரை செக்டிஸ்க், டீஃப்ராக் எதையும் ஓட்டாதீர்கள். டிஸ்க் முழுவதையும் உழுகிற வேலை அது. ஓட்டி முடிப்பதற்குள் டிஸ்க்கே படுத்துவிடலாம். டிக், டிக் என்று சத்தம் கேட்டால் உடனே அணைத்துவிட்டு, டேட்டா மீட்கிறவர்களிடம் போங்கள்.

பிறகு அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் சாட்டா எஸ்.எஸ்.டி. போடுங்கள். சுற்றுகிற தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கிற டிஸ்க் அது. 512 ஜி.பி. உங்களுக்குத் தாராளம். கெட்ட டிஸ்க்கிலிருந்து அப்படியே குளோன் எடுக்கச் சொல்லாதீர்கள். படிக்க முடியாத இடத்தில் தடுக்கி நிற்கும், தாண்டி ஓடினாலும் ஓட்டை ஃபைல்கள்தான் வந்து சேரும். விண்டோஸைப் புதிதாகப் போடுவதே சுத்தம். லேப்டாப் ஒரிஜினல் விண்டோஸோடு வந்திருந்தால் அந்த உரிமம் போர்டைச் சார்ந்தது. டிஸ்க்கை மாற்றினால் போகாது, தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

எஸ்.எஸ்.டி. போட்டதும் லேப்டாப்பை யாரோ மாற்றிவிட்ட மாதிரி இருக்கும். இதில் மாயம் இல்லை, கணக்குதான். லேப்டாப் ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5,400 சுற்று சுற்றுபவை. விநாடிக்கு 90 சுற்று. வேண்டிய இடம் தலைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லி விநாடி ஆகும். தலை அந்த வரிசைக்கு நகர இன்னும் பத்துப் பன்னிரண்டு. ஆக, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கிறதை எடுக்கச் சொன்னால் விநாடிக்கு அறுபது, எழுபது தடவைக்கு மேல் அதால் எடுக்க முடியாது. சாதாரண எஸ்.எஸ்.டி.கூட ஆயிரக்கணக்கில் எடுக்கும். இந்த டிஸ்க்கோடு விண்டோஸ் 10-ஐப் போட்டு அத்தனை வருடம் விற்றார்களே என்று எனக்கு இன்னும் கோபம் உண்டு. டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால்கூட அது திணறல்தான்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. எப்படியும் புதிதாகப் போடப் போகிறீர்கள். பிராசஸர் இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ என்றால் விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, என்னுடையது 2021-ல் வாங்கிய ரைசன் லேப்டாப். எஸ்.எஸ்.டி., 16 ஜி.பி. ரேம். கேம் விளையாடும்போதும் சரி, சும்மா வீடியோ பார்க்கும்போதும் சரி, ஓரிரு விநாடி எல்லாமே நிற்கிறது, அம்பு உட்பட. பாட்டு ஓடினால் 'க்ர்ர்ர்' என்று இழுக்கிறது. பிறகு சரியாகிவிடும். ஒரு நாளைக்குச் சில தடவை. டாஸ்க் மேனேஜரில் எதுவும் தெரியவில்லை.
- கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, டீச்சரின் லேப்டாப்பில் அம்பு நகர்ந்தது, உன்னுடையதில் அம்பும் நிற்கிறது, சத்தமும் இழுக்கிறது. இது வேறு ஜாதி. மொத்த சிஸ்டமும் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது.

ஏ.எம்.டி.யின் ரைசன் பிராசஸர் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எஃப்.டி.பி.எம். விவகாரம். விண்டோஸ் 11 கேட்கிற டி.பி.எம். என்ற பாதுகாப்பு அம்சத்தைத் தனிச் சிப்பாக வைக்காமல் பிராசஸருக்குள்ளேயே ஃபர்ம்வேராக, அதாவது உள்ளேயே பதித்த மென்பொருளாக வைத்திருந்தார்கள். அது, லேப்டாப்பை எழுப்பிவிடுகிற அடிப்படை மென்பொருளான பயாஸ் இருக்கிற சின்ன ஃபிளாஷ் சிப்பில் அவ்வப்போது போய் எழுதிப் படிக்கும். அந்த வேலை இழுத்துக்கொண்டால் சிஸ்டம் நிற்கும். 2022 மார்ச்சில் ஏ.எம்.டி. நிறுவனமே இதை ஒப்புக்கொண்டு, மே மாதத்திலிருந்து புதிய பயாஸ் வரும் என்று அறிவித்தது. லினக்ஸ்காரர்களும் தப்பவில்லை. 2023-ல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எரிச்சலாகி, அந்த எஃப்.டி.பி.எம்.மிடமிருந்து ரேண்டம் எண் வாங்குவதையே நிறுத்திவிடலாம் என்றார். லினக்ஸின் மையமான கெர்னலில் அப்படியே செய்தார்கள்.

லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உன் மாடலுக்கு 2022 மே மாதத்துக்குப் பிறகு பயாஸ் வந்திருக்கிறதா என்று பார். இருந்தால் போடு. ஆனால் அதற்கு முன்பு, டிஸ்க்கில் பிட்லாக்கர் என்ற பூட்டு ஓடுகிறதா என்று கவனி. விண்டோஸ் 11 பல லேப்டாப்களில் கேட்காமலே டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும். பயாஸ் மாற்றிய பிறகு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டால், கையில் இல்லாதவன் கதை முடிந்தது. உன் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் அது இருக்கும், முதலில் எழுதி வைத்துக்கொள். சார்ஜரையும் மாட்டி, பேட்டரியும் பாதிக்கு மேல் இருக்கும்போது செய். கரன்ட் போனாலும் கவலை இல்லை. சிலர் எஃப்.டி.பி.எம்.மையே அணைத்துவிடச் சொல்வார்கள். விண்டோஸ் 11-ல் வேலரன்ட் மாதிரி சில கேம் அது இல்லாமல் திறக்காது, யோசித்துக்கொள்.

பயாஸ் மாற்றியும் தீரவில்லையா? ஈவென்ட் வியூவரில் ஸ்டோர்என்விஎம்ஈ (stornvme) என்ற பெயரில் 129 எண் வருகிறதா என்று பார். வந்தால் எஸ்.எஸ்.டி. தூங்கிவிட்டு எழுந்திருக்க மறுக்கிறதாக இருக்கலாம். பவர் ஆப்ஷன்ஸில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பகுதிக்குள் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட்டை ஆஃப் செய். பேட்டரி கொஞ்சம் குறையும், நிற்பது நிற்கும். அதுவும் இல்லையென்றால் வைஃபை டிரைவர் மேல் சந்தேகப்படு. ஒரு நாள் முழுக்க வைஃபையை அணைத்துவிட்டுப் போனில் சேமித்த பாட்டைக் காப்பி செய்து லேப்டாப்பில் ஓட விடு. இழுக்கவில்லையென்றால் ஆள் அகப்பட்டான்.

கேள்வி: எனக்கு வயது 71. பேரன் ஒயர் இல்லாத மவுஸ் வாங்கிக் கொடுத்தான். பழைய போட்டோக்கள் இருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகினால் லேப்டாப் விட்டு விட்டு நிற்கிறது. எடுத்துவிட்டால் சரியாகிவிடுகிறது. வைரஸாக இருக்குமோ?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: ஐயா, நிற்கிறபோது டச்பேடில் விரலை வைத்துப் பாருங்கள். அம்பு ஓடினால் லேப்டாப் நிற்கவே இல்லை, மவுஸ்தான் நிற்கிறது. யு.எஸ்.பி. 3.0 கருவிகள் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சலைக் கிளப்பும். உங்கள் மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். இன்டெல் 2012-லேயே இதைப் பற்றி ஓர் ஆய்வுக் குறிப்பு வெளியிட்டிருக்கிறது. மவுஸின் சின்ன ரிசீவரை டிஸ்க் செருகும் பக்கத்திலிருந்து எடுத்து மறுபக்கத்தில் செருகுங்கள். போதவில்லையென்றால் ஒரு குட்டி யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் வயர் வாங்கி ரிசீவரைத் தள்ளி வையுங்கள். டச்பேடும் நின்றால் அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கே, டீச்சருக்குச் சொன்ன அதே சோதனைகளைச் செய்ய வேண்டும். அதற்கு முன் போட்டோக்களுக்கு இன்னொரு நகல். வைரஸுக்கு இதில் வேலை இல்லை.

கேள்வி: பனியன் கம்பெனி ஆபீஸில் மூன்று வருடமாக ஓடுகிற லேப்டாப். காலையில் நன்றாக இருக்கிறது. மத்தியானத்துக்கு மேல் ஃபேன் கத்துகிறது, எக்செல் ஷீட் நகர்த்தினால்கூடத் திக்கித் திக்கி வருகிறது. 'ஸ்பீட் பூஸ்டர்' மென்பொருள் போட்டும் பலனில்லை. கடையில் ரேம் போடச் சொல்கிறார்கள்.
- வாசகர், திருப்பூர்

பதில்: அந்த பூஸ்டரை முதலில் நீக்குங்கள். அது பின்னால் உட்கார்ந்து சாப்பிடுகிற இன்னொரு ஆள்.

திருப்பூர் லேப்டாப்பை நான் திறக்காமலே சொல்லிவிடுவேன். பஞ்சுத் தூசி. ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றுகிற ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கும் நடுவில் மெத்தை மாதிரிப் படிந்து, காற்று வெளியே வரவே வழி இருக்காது. பல பிராசஸர்கள் 95, 100 டிகிரியைத் தொட்டதும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். டாஸ்க் மேனேஜரில் சி.பி.யு. பக்கத்தில் ஸ்பீட் என்று போட்டிருக்கும். காலையில் ஒரு தடவை, திக்கும்போது ஒரு தடவை பார்த்து ஒப்பிடுங்கள். வேலை இருக்கும்போதே ஒரு கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே விழுந்து கிடந்தால் ரேமுக்குச் செலவழிக்க வேண்டாம், கழற்றிச் சுத்தம் செய்து புது தெர்மல் பேஸ்ட் போட்டால் போதும். புளோயர் அடிப்பவர் ஃபேனைக் கையால் பிடித்துக்கொண்டுதான் அடிக்க வேண்டும். கன்னாபின்னாவென்று சுற்ற விட்டால் பேரிங் போய்விடும்.

குளிர்ந்த நிலையிலும் வேகம் விழுந்தே கிடந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஒரு முறை பாருங்கள். லேப்டாப் தன் சார்ஜரை அடையாளம் கண்டுகொள்ளாவிட்டால் சில மாடல்கள் வேகத்தை வேண்டுமென்றே அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். டூப்ளிகேட் சார்ஜர் வாங்கியவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது.

டச்பேட் மேலே புடைத்துக்கொண்டு வந்திருக்கிறதா, மூடினால் சரியாக மூடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அடியில் பேட்டரி உப்பியிருந்தால் அப்படி ஆகும். அப்படியிருந்தால் அழுத்திப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். அணைத்து, அன்றைக்கே பேட்டரியைக் கழற்றக் கொடுத்துவிடுங்கள். சுற்றிலும் துணி குவிந்த இடம் வேறு.